மனசுக்காக யோகா தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் காலை வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "இப்பல்லாம் நல்லா தூக்கம் வருது மாஸ்டர். மாத்திரையைக்கூட விட்டுட்டேன்." முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. 11 வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை, இதே சந்தோஷத்தோடு நானும் சொல்லியிருக்கிறேன்.

மனப்பதற்றத்தால் யோகாவுக்கு வந்தவன் நான். இன்று சொல்லிக்கொடுக்கிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் செய்யாதீர்கள், உடம்பை வலுக்கட்டாயமாக வளைக்காதீர்கள் என்பதையெல்லாம் எந்த ஆசிரியரும் முதல் நாளே சொல்லிவிடுவார். மனசு சரியில்லை என்று வருகிறவர்கள் விழுகிற குழிகள் வேறு. நானும் அவற்றில் விழுந்து எழுந்தவன்தான்.

எண்ணமே வரக்கூடாது என்று உட்கார்வது

கண்ணை மூடி இரண்டு நிமிஷம் ஆகாது. கேஸை அணைத்தோமா, பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா என்று மனம் ஓடிவிடும். "எனக்குத் தியானம் வராது மாஸ்டர்" என்று மறுநாளே நின்றுவிடுகிறார்கள். மனம் ஓடிவிட்டது என்று தெரிந்து மறுபடி மூச்சுக்கு வருகிறீர்களே, பயிற்சியே அதுதான். 20 தடவை ஓடினால் 20 தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள். கவலைப்படுகிற மனம் ஒரு எண்ணத்தைப் பிடித்தால் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பிடி நாளாக நாளாகத் தளரும். ஆனால் எண்ணம் வருவது எனக்கு இன்றும் நிற்கவில்லை.

படபடப்போடு வந்து வேக மூச்சில் தொடங்குவது

கபாலபாதியும் பஸ்திரிகாவும் நல்ல பயிற்சிகள்தான். ஆனால் ஏற்கெனவே நெஞ்சு அடித்துக்கொள்கிறவருக்கு முதல் வாரத்தில் அவை வேண்டாம். வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும். பதற்றம் உச்சத்துக்குப் போகும்போதும் உடம்பில் இதேதான் நடக்கிறது. அதை அனுபவித்தவருக்கு 'மறுபடி வந்துவிட்டது' என்ற பயம் உடனே தொற்றிக்கொள்ளும்.

16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுவது திருமூலர் சொன்ன கணக்கு. வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கானது அது. யூடியூபில் பார்த்துவிட்டு வந்து முதல் நாளே 64 எண்ண முயன்ற ஒருவர், மூச்சு முட்டி மாடிப்படி வரைக்கும் ஓடினார். ஆரம்பத்தில் மூச்சை அடக்கவே வேண்டாம். 4 எண்ணி இழுங்கள், 6 எண்ணி விடுங்கள். நிதானமாக எண்ணினால் நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகம் எடுக்கும், விடும்போது தளரும். வெளிமூச்சில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைத் தணிப்பது உங்கள் விரலுக்கே தெரியும்.

கண்ணை மூடியே ஆக வேண்டும் என்பது

மூடினால் பழைய பயங்கரம் எதுவும் கண்முன் வருகிறதா? திறந்தே வையுங்கள். தரையில் ஒரு இடத்தைப் பாருங்கள், போதும்.

மாத்திரையைத் தானாக நிறுத்துவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

டாக்டர் எனக்குப் பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதிக்கொடுத்த அதே மாதம்தான் யோகாவும் தொடங்கினேன். அந்த வகை மாத்திரை போட்டவுடன் வேலை செய்யாது, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. சரியாக ஒரு மாதம் கழித்து மனசு லேசானது. காலை 5 மணிக்கு எழுந்து குளிரில் பாய் விரித்தது நான், அதனால் முழுப் பலனையும் யோகாவின் கணக்கில் எழுதிவிட்டேன். ராத்திரி தண்ணீரோடு விழுங்கிய மாத்திரை நினைவுக்கே வரவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் வேறு "இன்னுமா மாத்திரை போடுற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டேன். பத்து மாத்திரை அட்டையில் ஏழு மிச்சம் இருந்தது.

மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே சுரீரென்று கரண்ட் அடித்தது. கிறுகிறுப்பு, தூக்கமில்லை, சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல். மருந்தைத் திடீரென்று விட்டால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இரண்டு மணி நேரம் பிராணாயாமம் செய்தேன். சில வாரத்தில் அது அடங்கியது. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பழைய பதற்றமே வந்து பஸ் ஏற முடியாமல் நின்றேன். மறுபடி தலைநிமிர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் வேலை போனது. என் பெண்ணின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட என்னால் போக முடியவில்லை.

எனக்குக் கோபம் புதிதாக வருகிறவர்கள் மேல் இல்லை. "உடம்பில் கெமிக்கல் சேரக்கூடாது, ஆசனமே போதும்" என்று பாயில் உட்கார்ந்தபடி மருந்துச் சீட்டைத் திருத்துகிற ஆசிரியர்கள் மேல்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய்க்கு யோகாவைச் சோதித்தபோது, மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் அதைக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்தை விடச் சொல்லவில்லை. மனச்சோர்வு முதல் தடவை வந்து தேறியவரைக்கூடக் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். அப்புறம் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறிப் பொங்கி, இன்னொரு சமயம் சோர்ந்து விழுகிற இருமுனைக் கோளாறு இருந்தால் கணக்கே வேறு, அங்கே தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். யோகாவால் நன்றாக இருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். குறைக்கலாமா என்று கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணிடம் எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். நான்கு நாள். "தலை கிறுகிறுங்குதா?" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமா மாஸ்டர், வெயில்னு நெனச்சேன்." அன்று சாயங்காலமே கணவரோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து போன் செய்தார். இப்போதும் முதல் வரிசையில்தான் பாய் போடுகிறார்.

முதல் பயிற்சியே 10 நாள் மௌன முகாம்

வேண்டாம். விபாசனா தியான முகாமில் ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். வீட்டில் பத்து நிமிஷம் பழகிவிட்டுப் போங்கள். விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள்.

நன்றாக இருக்கும் நாளில் விட்டுவிடுவது

மோசமான நாளில் உட்கார முடியாது. நல்ல நாளில் பழகியதுதான் அன்று கைகொடுக்கும்.

சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு தியானத்தில் உட்கார்வது

பாயை விட்டு எழுந்து 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.