புற்றுநோய்ச் சிகிச்சை: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தவுடனேயே சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர்களின் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஒருவர் ஆபரேஷனே போதும் என்பார்; இன்னொருவர் கரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்பார்; மற்றொருவர் கீமோ மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மன்றாடுவார். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சிகிச்சை என்று குடும்பமும் எண்ணிக்கொள்கிறது. உண்மையில், பல புற்றுநோய்களுக்கு அறுவை சிகிச்சை, கரண்டு என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு, கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சை ஆகியவற்றுள் இரண்டோ மூன்றோ ஒரு வரிசைப்படி சேர்த்தே தரப்படுகின்றன. எது முதலில், எது அடுத்து, இடையில் எத்தனை நாள் என்பது பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த வரிசையைக் கலைப்பதுதான் மிகப் பெரிய தவறு.

மார்பில் கட்டி தென்பட்டதும், ‘முதலில் எடுத்துவிடுவோம், பிறகு பார்ப்போம்’ என்று அருகிலுள்ள சிறிய மருத்துவமனையில் அறுத்துவிடுவது அப்படிப்பட்டது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. கத்தியோ ஊசியோ பட்டால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால், சிறிது சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியைத் தவிர்ப்பவர்கள், சிகிச்சைக்கு வழிகாட்டும் தகவலையே இழக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் ஈ.ஆர்., பி.ஆர். (கட்டியில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) என்னும் மூன்று முடிவுகளைப் பார்த்தே ஹார்மோன் மாத்திரையா, குறிவைத்துத் தாக்கும் மருந்தா, கீமோவா என்று மருத்துவர் தீர்மானிக்கிறார். அந்த அறிக்கையையும், சதை மெழுகில் பதிக்கப்பட்ட ‘பிளாக்’கையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கே போனாலும், முன்பு என்ன எடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் அங்குள்ள மருத்துவரும் தடுமாற வேண்டியிருக்கும்.

பாதியில் நிறுத்துவது அடுத்த தவறு. அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ தரப்படும்போது, சில சுற்றுகளிலேயே கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். அதைக் குணம் என்று எண்ணி வீடு திரும்பிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத செல்கள் எஞ்சியிருக்கக்கூடும். கதிர்வீச்சிலும் இடைவெளி விட்டால் பலன் குறையும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வாரம் ஐந்து நாள் என ஏறக்குறைய ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு தரப்பட்டு, பிறகு உள்ளே கருவி வைத்துத் தரப்படும் கதிர்வீச்சும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தினமும் மதுரைக்குப் பேருந்தில் போய்வந்து மூன்றாம் வாரத்தில் களைத்துப்போவதாலும், வீட்டில் முன்னோருக்குப் படைப்பு, பங்காளி வீட்டில் அறுபதாம் கல்யாணச் சாந்தி என்பதாலும் விடுபடும் நாள்கள் நோய்க்கே சாதகம். ஆகவே தொடங்கும் முன்பே மருத்துவமனைக்கு அருகில் தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கான அனுமதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் வந்த பெரியவர்களை, கதிர்வீச்சுக்கு முன் பல் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். கெட்ட பற்களை முன்கூட்டியே பிடுங்கி, புண் ஆறிய பிறகே தொடங்குவார்கள். கதிர்வீச்சுக்குப் பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு உடலில் தங்குவதில்லை. ஆச்சி தன் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கீமோ ஏற்றியதிலிருந்து ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறையும். அந்த நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். வேண்டுதல் என்று தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு அப்போது பழநிக்கு நடப்பதையும் தள்ளிவைக்க வேண்டும். முருகன் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பான்.

நாட்டு மருந்தை மருத்துவரிடம் மறைத்துச் சாப்பிடுவதும் ஆபத்தானது, ஏனெனில் கீமோ மருந்துகள் பலவற்றை வெளியேற்றும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சில லேகியங்களும் பஸ்பங்களும் பாதிக்கக்கூடும். நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கும் வீடுகளும் உண்டு. அன்பினால் செய்வதுதான் என்றாலும், மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை தினமும் விழுங்க வேண்டிய டாமாக்சிஃபென் என்னும் ஹார்மோன் மாத்திரை எதற்கென்றே தெரியாதவர் அதைத் தொடர்ந்து சாப்பிடுவார் என்று எப்படி நம்புவது?

வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளல்ல. கீமோ நடக்கும்போதே வலி, வாந்தி, தூக்கமின்மைக்கு அங்கே சிகிச்சை பெறலாம். மார்ஃபின் மாத்திரை தந்தால் அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி, வலி தாங்காதபோது மட்டும் கொடுப்பதை விட்டுவிட்டு, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். அதைத் தொடங்கும் அன்றே மலச்சிக்கலுக்கான மருந்தையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.