ஸ்கேனரை மூடி வையுங்கள்: படப் புத்தகத்திலிருந்து கணினியில் வரையக் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை விட்டதும் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அம்மாப்பேட்டை வரை வீட்டு முன்னறைகளில் கணினி ஓவிய வகுப்புகள் தொடங்கிவிடும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஒன்றிரண்டு, ஒரு மேசைக் கணினி, நாலைந்து படப் புத்தகங்கள், ஐந்து முதல் எட்டு வயது வரை ஏழெட்டுப் பிள்ளைகள். புத்தகத்தை வைத்துத் தொடங்குவது நல்ல யோசனைதான். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் "என்ன வரையட்டும்?" என்று பிள்ளை விழிக்காது. ஆனால் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அதே குழியில்தான் விழுகிறார்கள். நிமிர்ந்து உட்கார், திரையை ஒட்டி உட்காராதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இங்கே மற்றவை.

வலது பொத்தானை மறந்துவிடுவது

முதல் நாள் வரும் முதல் புகார்: "மிஸ், கோடு வரமாட்டேங்குது." கோடு வந்துகொண்டுதான் இருக்கும், வெள்ளையில். மைக்ரோசாஃப்ட் பெயிண்டில் இடது பொத்தான் கலர் 1-இல் வரையும், வலது பொத்தான் கலர் 2-இல் வரையும். கலர் 2 தொடக்கத்தில் வெள்ளை. சின்னக் கை மவுஸை முழுதாகப் பிடிக்கும்போது நடுவிரல் வலது பொத்தானை அழுத்திவிடுகிறது. மவுஸ் கெட்டுவிட்டது என்று மாற்றிப் பார்ப்பார்கள். புது மவுஸிலும் அதேதான் நடக்கும். இடது பொத்தானில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஆறேழு வயது வரை டக்ஸ் பெயிண்ட் இன்னும் வசதி. 2002-இல் வந்த இலவச மென்பொருள், தமிழ் இடைமுகம் உண்டு. இயல்பாக இடது பொத்தானுக்கு மட்டும்தான் அது காது கொடுக்கும்.

புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து, அதன்மேல் வரையச் சொல்வது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வகுப்பு நடத்துகிறவர் முந்தின இரவு முழுக்க உட்கார்ந்து பக்கங்களை ஸ்கேன் செய்வார், அல்லது போனில் படம் எடுப்பார். காலையில் அதைப் பெயிண்டில் திறந்து, "இந்த யானை மேலேயே கோடு போடு, அப்புறம் கலர் ஊத்து" என்பார். பத்து நாள் கழித்துப் பெற்றோருக்குக் காட்ட அழகான யானைகள் கிடைக்கும். வெள்ளைத் திரையைக் கொடுத்து ஒரு பூனை வரையச் சொன்னால் பிள்ளை அப்படியே உட்கார்ந்திருக்கும். பத்து நாளும் போனது போனதுதான்.

முதலில் தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்ப்போம். ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 பிக்சல். பழைய லேப்டாப் திரை 1366-க்கு 768. படத்தை முழு அளவில் திறந்தால் யானையின் ஒரு காது மட்டும் தெரியும். மீதியைப் பார்க்க ஸ்க்ரோல் செய்ய வேண்டும். மவுஸையே இன்னும் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஸ்க்ரோல் பட்டை தனி வித்தை. சரி, படத்தைச் சுருக்கிக் காட்டலாம் என்றால், 5 பிக்சல் பிரஷ் கோடு மயிரிழையாகத் தெரியும். அந்தத் தாளின் கணக்கில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பிள்ளை அழுத்தி அழுத்தி வரையும். கோடு மட்டும் தடிக்காது.

அடுத்து நிறம். பெயிண்டின் 'ஃபில்' வாளி, நீங்கள் தொட்ட பிக்சலின் அதே நிறத்தில் ஒட்டியிருக்கும் பிக்சல்களில் மட்டும் பரவும். ஸ்கேன் செய்த வாட்டர்கலர் படத்தில் அடுத்தடுத்த இரண்டு பிக்சல் ஒரே நிறமாக இருப்பதே அபூர்வம். ஜேபெக் கோப்பு என்றால் விளிம்பெல்லாம் அழுக்குப் புள்ளிகள் வேறு. பிள்ளை வாளியை யானை வயிற்றில் கவிழ்க்கும். ஒரே ஒரு புள்ளி மாறும். மறுபடி கவிழ்க்கும், இன்னொரு புள்ளி. ஐந்து முறை பார்த்துவிட்டு "இது வேலை செய்யல" என்று எழுந்துவிடும். அதன்மேல் தப்பே இல்லை.

நிறம் எடுக்கும் சொட்டுக் கருவியும் இதே கதைதான். அச்சிட்ட புத்தகத்தில் மாம்பழ மஞ்சள் என்பது நாலு மைகளின் நுண்புள்ளிகள் கலந்த தோற்றம். கண் அதை ஒரே மஞ்சளாகப் பார்க்கும். ஸ்கேனரோ புள்ளிகளைத் தனித்தனியாகப் பிடித்துவிடும். பிள்ளை மஞ்சளைத் தொடும், கிடைப்பது பழுப்போ இளஞ்சிவப்போ.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். படத்தை 1000 பிக்சலுக்குச் சுருக்கலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம், கோட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பின்னணி வெளிப்படையான பிஎன்ஜி-யாக்கி டக்ஸ் பெயிண்டின் ஸ்டார்ட்டர் படமாக வைக்கலாம். அப்போது பிள்ளை பூசும் நிறம் கோட்டுக்கு அடியில்தான் போகும், அழிப்பானால் தேய்த்தாலும் கோடு அழியாது. மவுஸ் பழக முதல் இரண்டு நாளைக்கு அது போதும். மூன்றாம் நாளும் அதையே கொடுத்தால் வண்ணம் தீட்டும் புத்தகத்தைத்தான் கணினியில் விற்கிறீர்கள்.

ஏனென்றால் பெரிய இழப்பு வேறு இடத்தில். கோட்டின் மேலேயே கோடு போடுகிற பிள்ளை யானையைப் பார்ப்பதில்லை. கர்சருக்கு முன்னால் இருக்கும் அரை அங்குலத்தை மட்டும் பார்க்கிறது. உடம்பு ஒரு பெரிய முட்டை, தலை அதைவிடச் சின்ன முட்டை, கால்கள் நாலு செவ்வகம் என்று படத்தை உடைக்கவே அதற்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. அந்த உடைப்புதான் கணினி ஓவியத்தின் அரிச்சுவடி. திரையில் இருக்கும் கருவிகளே வட்டம், செவ்வகம், கோடு, வளைவு என்றுதானே இருக்கின்றன?

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது இது. இதற்கு ஸ்கேனர் வேண்டாம், ஒரு பட்டர் பேப்பர் போதும்.

கணினியைத் திறக்காமல் கதையை இரண்டு முறை வாசியுங்கள். முழுப் பக்கத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு பொருளைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பக்கத்தின்மேல் பட்டர் பேப்பரை வைத்து, தடித்த கிரேயானால் பெரிய வடிவங்களை மட்டும் சுற்றச் சொல்லுங்கள். ஐந்தாறு வயதுக்கு ஐந்து வடிவம், ஏழெட்டு வயதுக்கு எட்டு. அதற்கு மேல் கேட்காதீர்கள். கண்ணிமை, நகம், புல் எல்லாம் பிறகு. பென்சில் கொடுத்தால் நுணுக்கத்தில் இறங்கிவிடும், அதனால்தான் கிரேயான்.

பிறகு அந்த வடிவங்களை வண்ணத் தாளில் வெட்டி மேசையில் அடுக்க வேண்டும். எது அடியில், எது மேலே? சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கத் தட்டுவடை செட்டைவிட நல்ல பாடம் கிடையாது. அடியில் ஒரு தட்டுவடை, அதன்மேல் சட்னி, அதன்மேல் கேரட் பீட்ரூட் துருவல், கடைசியில் மூடி போல இன்னொரு தட்டுவடை. மேல் வடையை முதலில் வைத்தால் செட் ஆகாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பெயிண்டிலும் அப்படியே, பிறகு வரைந்தது முதலில் வரைந்ததை மூடும். விண்டோஸ் 11 பெயிண்டில் படத்தைத் தனித்தனி அடுக்குகளாக வரையும் லேயர் வசதி வந்துவிட்டது. இந்த வயதுக்கு அதைத் திறக்கவே வேண்டாம்.

இப்போது புத்தகத்தை மூடுங்கள். வெட்டிய தாள்கள் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். திரையில் அடியில் இருப்பது முதலில், பெரியது முதலில். வரைந்து முடித்த பிறகே புத்தகத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். "காது இன்னும் பெரிசா இருக்கு" என்று பிள்ளையே சொல்லும். ஸ்கேன் வைத்த வகுப்பில் இந்த வாக்கியத்தைக் கேட்கவே முடியாது.

முழுச் சுற்றுக்கும் மூன்று வகுப்பு ஆகும். ஒரே வகுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

அழகான புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது

நீங்கள் ரசிக்கும் வாட்டர்கலர் புத்தகம் இதற்கு உதவாது. தட்டையான நிறம், தெளிவான விளிம்பு, தாள் வெட்டி ஒட்டியது போன்ற படங்கள் உள்ள புத்தகம்தான் வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று பொருளுக்கு மேல் இருக்கக் கூடாது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சிட்டும் கொடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர்களை விட்டுவிடாதீர்கள்.

கருவிப் பட்டியலை மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொடுப்பது

இன்று பென்சில், நாளை பிரஷ், மறுநாள் வாளி என்று போகாதீர்கள். படம் கேட்கும்போது கருவி வரட்டும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி காயவைத்த களத்தைப் பார்க்காத பிள்ளை குறைவு. கரும்பழுப்பில் ஒரு செவ்வகம், அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். மவுஸை இழுக்காமல் சொடுக்கி விடுவதற்கு இதைவிடப் பயிற்சி இல்லை. கை நழுவினால் ஜவ்வரிசி வால் முளைத்துத் தலைப்பிரட்டை ஆகிவிடும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார்கள்.

வளைவுக் கருவிக்கு ஏற்காடு மலைப்பாதை. பெயிண்டில் வளைவு என்பது முதலில் நேர்க்கோடு, பிறகு அதை இரண்டு முறை இழுத்து வளைக்கலாம். இரண்டு இழுப்பு முடியாமல் அடுத்த கோடு தொடங்காது. புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: ஒரு முறை வளைத்துவிட்டு அடுத்த கோடு போடப் போனால் பழைய கோடு கோணிக்கொண்டு ஓடும். ஒரு கோட்டுக்கு இரண்டு வளைவு என்றால், ஏற்காடு சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுக்குப் பத்துக் கோடு வேண்டும். பிள்ளைக்கு மூன்று கோடு, ஆறு வளைவு போதும்.

டக்ஸ் பெயிண்டில் வடிவம் வரைந்து பொத்தானை விட்டதும் அது கர்சரோடு சுழலத் தொடங்கும், இன்னொரு சொடுக்கில்தான் நிற்கும். பிள்ளை பயந்துவிடும். டக்ஸ் பெயிண்டின் அமைப்புச் செயலியில் 'எளிய வடிவங்கள்' விருப்பத்தைப் போட்டுவிட்டால் சுழலாது.

வாளியை முதலில் கொடுப்பது

வரப்பில் ஒரு எலி வளை இருந்தாலும் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கோட்டில் ஒரு பிக்சல் இடைவெளி இருந்தாலும் நிறம் திரை முழுக்கப் போய்விடும். கன்ட்ரோல் இசட் அழுத்தி ஊற்றியதைத் திரும்பப் பெறு, இடைவெளியைத் தேடி அடை, மறுபடி ஊற்று. இந்த மூன்றையும் வாளிக்கு முன்பே சொல்லுங்கள்.

நகலெடுக்கும்போது வெள்ளைப் பெட்டி

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு நகலெடுத்து ஒட்டப் பழக அருமையான பாடம். ஒரு முத்து வரைந்து பதினைந்து முறை ஒட்டலாம். ஆனால் தேர்வுக் கருவியில் 'ஒளிபுகும் தேர்வு' போடாமல் விட்டால், ஒவ்வொரு முத்தும் தன் வெள்ளைப் பெட்டியோடு வந்து முந்தின முத்தைக் கடித்துவிடும்.

முத்திரைகள்

ஒரே சொடுக்கில் ஒட்டும் ஆயத்தப் படங்கள் இவை. முதல் வாரம் மறைத்துவிடுங்கள். டக்ஸ் பெயிண்டில் அதற்கு வசதி உண்டு. இல்லையென்றால் இருநூறு பூனை, ஒரு கோடு இல்லை.

பிள்ளையின் கைமேல் உங்கள் கை

வேண்டாம். விரலைத் திரையில் காட்டுங்கள்.

டச்பேடு

கூடவே கூடாது. சின்ன மவுஸ் ஒன்று வாங்குங்கள், சுட்டியின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு கணினி, விதி இல்லாமல்

மவுஸ் பிடித்தவர் விடமாட்டார். ஒருவர் மவுஸ்காரர், மற்றவர் புத்தகக்காரர். அடுத்து எந்த வடிவம் என்று சொல்வது புத்தகக்காரரின் வேலை. ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். மொத்தம் 25 நிமிடத்தைத் தாண்டினால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

சேமிப்பு

டக்ஸ் பெயிண்டில் கோப்புப் பெயர் கிடையாது, படங்கள் சிறு கட்டங்களாகத் தெரியும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இது வரம். ஆனால் இன்னொரு பிள்ளையின் படத்தைத் திறந்து கிறுக்கிவிட்டுச் சேமித்தால், பழையதன் மேல் எழுதவா என்று கேட்கும். "ஆம்" என்று எல்லாப் பிள்ளையும் அழுத்தும். எப்போதும் புதிய படமாகச் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். ஒரு படம் தொலைந்து, ஒரு அழுகை கேட்ட பிறகுதான் இதை எல்லோரும் செய்கிறார்கள்.

மழைக்காலத்தில் மலைமேல் வகுப்பு என்றால் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியை நம்பாதீர்கள். ஒவ்வொரு மவுஸ் மாற்றத்தின்போதும் சேமிப்பு.

கடைசி நாள் புத்தகம்

பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்துப் புத்தகமாக்குவது நல்ல வழக்கம். பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகள் என்றால் 12 பக்கம், அட்டை இரண்டையும் சேர்த்து. ஏ4 தாளைப் படுக்கவைத்து மடிக்கும் இந்த வகைக்கு, இருபுறம் அச்சிடும்போது குறுகிய விளிம்பில் திருப்பும்படி பிரின்டருக்குச் சொல்லுங்கள். நீள விளிம்பை விட்டுவைத்தால் பாதிப் பக்கங்களில் யானை தலைகீழாக நிற்கும். முதலில் ஒரே ஒரு தாளை அச்சிட்டு, மடித்துப் பாருங்கள்.