இணைய ஆபாசம் குறித்துப் பிள்ளைகளிடம் பேசுவது எப்படி?

முதலில் கைப்பேசியைச் சரிசெய்துவிடுங்கள். பிள்ளையின் கைப்பேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் பிள்ளையின் கணக்கைச் சேர்த்து, தேடலில் ஆபாச முடிவுகளை வடிகட்டும் சேஃப்சர்ச்சை இயக்கி வைத்தால் போதும். அதிக நேரம் பிடிக்காது. ஆனால் வகுப்புத் தோழன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளியை இவை தடுக்கப்போவதில்லை என்பதால், உண்மையான வேலை பேச்சில்தான் இருக்கிறது.

அடுத்து, பேச்சைத் தொடங்குங்கள். எதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேசுவது இருவருக்கும் எளிது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு சொன்னால் போதும்: “போன்ல துணியில்லாதவங்க படமோ வீடியோவோ வந்தா, மூடி வச்சிட்டு அம்மாகிட்ட சொல்லு கண்ணா. திட்டமாட்டேன், போனையும் பிடுங்கமாட்டேன்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், போன் பறிபோய்விடும் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

பதின்பருவத்தினரிடம் இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அந்தக் காட்சிகள் கேமராவுக்காக நடிக்கப்பட்டு, வெட்டி ஒட்டப்பட்டவை என்பதையும், சிலவற்றில் இருப்பவர்கள் சம்மதமே இல்லாமல் படமாக்கப்பட்டவர்கள் என்பதையும், ஒருவரின் விருப்பத்தைக் கேட்டறிவது அவற்றில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை என்பதையும் விளக்குங்கள். ஆர்வம் வருவது இயல்பு என்று ஒப்புக்கொண்டே பேசுங்கள். ‘அசிங்கம்’, ‘பாவம்’ என்று ஆரம்பித்தால், பிள்ளை தன் உடலையே அசிங்கமாக நினைக்கத் தொடங்கும் என்பது என் கருத்து.

பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டதாகத் தெரிந்தால், அன்றைய கோபத்தை அடக்கிக்கொண்டு, எங்கே பார்த்தது, யார் காட்டினார்கள், பார்த்தபோது பயமாக இருந்ததா என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். இடையில் அறிவுரை வேண்டாம்.

காட்டியவர் பெரியவர் என்றால், அவர் உறவினரே ஆனாலும் வீட்டுக்குள் பேசித் தீர்க்க முயலாதீர்கள். ஆபாச நோக்கத்துடன் குழந்தைக்கு எதையேனும் காட்டுவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் துன்புறுத்தல். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

வந்த காணொளியில் இருப்பதே ஒரு சிறுவரோ சிறுமியோ என்றால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் அளிக்கலாம். அனுப்பியவரின் எண்ணையும் தேதியையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் என்று எண்ணிக்கூட அதைக் குடும்பக் குழுவுக்கோ பள்ளி ஆசிரியருக்கோ அனுப்பிவிடாதீர்கள், ஏனெனில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி அத்தகைய படங்களைப் பரப்புவதும் குற்றம்.