தாமதமான மென்பொருளுக்கு ஆள் சேர்க்காதீர்கள்

மென்பொருள் திட்டம் கெடு தாண்டியதும் மேலாளர்கள் முதலில் செய்வது, இன்னும் சிலரைக் கொண்டுவந்து அமர்த்துவது. தொடக்கத்திலேயே சேர்த்தால் அது வேறு கதை. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற கணினி இயக்க முறைமையை உருவாக்கும் பணியை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். காரணம் எளிய கணக்கு. 5 பேர் கொண்ட குழுவில் இருவருக்கிடையிலான தொடர்புகள் 10. குழு 10 பேரானால் 45. ஒருவருக்கொருவர் பேசிப் புரியவைப்பதிலேயே நேரம் கரையும். போதாக்குறைக்கு, புதியவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பும் வேலை தெரிந்த அதே நாலு பேர் தலையில்தான் விழும்.

ஆளைக் கூட்டுவதற்குப் பதில் மென்பொருளில் வரவேண்டிய வசதிகளைக் குறையுங்கள். எது இல்லாவிட்டால் அன்றாட வேலையே நின்றுபோகும் என்று கேளுங்கள். மற்றவை அடுத்த வெளியீட்டுக்குப் போகட்டும். இந்தக் கேள்வியை இயக்குநர் அறையில் கேட்டுப் பயனில்லை (அங்கே எல்லாமே அவசியம்தான்). தினமும் அந்தத் திரையின் முன் உட்காரப்போகிறவரிடம் கேளுங்கள். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட்ட தேவை ஆவணத்தில் இல்லாத விதிவிலக்குகள் அவருக்குத்தான் தெரியும்: பாதி மட்டும் திரும்பி வந்த சரக்கு, முன்தேதியிட்ட ரசீது, இரண்டு முறை பதிவான வாடிக்கையாளர்.

'90 சதவீதம் முடிந்தது' என்ற அறிக்கையை நம்ப வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உண்மையான தரவை வைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலையையும் கடைசி மாதத்துக்குத் தள்ளாமல் முதல் மாதமே தொடங்கிவிடுங்கள்.