பள்ளியில் மாணவர் தொண்டு மன்றம் தொடங்குவது எப்படி?

தமிழ்நாட்டுப் பள்ளியொன்றில் தொண்டு மன்றம் தொடங்க விரும்பும் மாணவர்கள், ஏற்கெனவே அங்கே என்ன இருக்கிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். காந்தி நூற்றாண்டான 1969இல் உருவான நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் உண்டு, கீழ்வகுப்புகளுக்கு ஜே.ஆர்.சி. எனப்படும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் தேசிய பசுமைப் படையும் இருக்கக்கூடும். இவற்றுள் ஒன்று பதிவேட்டில் மட்டுமே உயிரோடிருந்தால், புதிய பெயர் தேடுவதைவிட அதைத் தட்டியெழுப்புவதே சுலபம். எதுவுமே இல்லையெனில் உள்ளூர் ரோட்டரி சங்கத்தை அணுகி, 12 முதல் 18 வயதினருக்கான இன்டராக்ட் சங்கம் அமைக்க உதவி கேட்கலாம்.

அடுத்து, பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் இசைந்த பிறகு, என்ன பணி, எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, யார் உடனிருப்பார் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மாணவர்களின் பாதுகாப்புக்கு அவரே பதில் சொல்ல வேண்டியவர் என்பதால், நோக்கங்களைப் பற்றிய நீண்ட முன்னுரையைவிட இந்த விவரங்களே அவருக்குத் தேவைப்படும்.

பணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான மன்றங்கள் தடுமாறுகின்றன. மரக்கன்று நடுவதையே எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் பேனர் கட்டி, படம் எடுத்து நட்ட கன்றுகளுக்கு அடுத்த கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களில் அக்டோபரில் நட்டு, ஆடு மேயாதபடி முள் அடைத்து, பள்ளிக்கு அருகிலேயே வீடுள்ள மாணவர்களிடம் ஆளுக்கு இரண்டு கன்று என ஒப்படைத்தால், குறைவாக நட்டாலும் நிறையப் பிழைக்கும். அதேபோல், பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் வாரம் ஒருநாள் அரைமணி நேரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிப்பது நல்ல தொடக்கம். ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால் அந்தப் பிள்ளைகளே ஏனென்று கேட்பார்கள். செய்யாமல் விட்டால் யாரேனும் கேட்கும் பணியே மன்றத்தை நிலைக்க வைக்கும் என்பது என் கருத்து. ஆண்டு விழாவில் ஒருமுறை நடத்தும் பேரணியை அப்படி யாரும் கேட்பதில்லை.

உறுப்பினர்களிடம் பணம் வசூலிக்க வேண்டாம். பள்ளி வளாகத்துக்கு வெளியே நடக்கும் பணிக்குப் பெற்றோரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் அவசியம். தேதி, வந்தவர் பெயர், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்துவைக்க ஒரு நீளக் குறிப்பேடு போதும்.

செயலாளர் பதவியைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் தவிர்க்கவும்; அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் அவரால் மன்றத்துக்கு நேரம் ஒதுக்க இயலாது. பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒருவரைச் செயலாளராகவும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவரைத் துணைச் செயலாளராகவும் வைத்து, டிசம்பருக்குள் குறிப்பேட்டைத் துணைச் செயலாளரும் எழுதப் பழக்கிவிடுங்கள்.