ஆக்டிவ் டைரக்டரி ஒர்க்ஃப்ளோவை அட்மின் அல்லாதவர்களிடம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், விண்டோஸ் நெட்வொர்க்கின் யூசர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் அக்கவுண்ட் திறக்க வேண்டும், நாலைந்து குரூப்பில் சேர்க்க வேண்டும், மெயில்பாக்ஸ் கொடுக்க வேண்டும். அவர் விலகினால் இதையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். நடுவில் தினமும் பாஸ்வேர்டு மறந்தவர்கள், அக்கவுண்ட் லாக் ஆனவர்கள். இவ்வளவையும் இரண்டு அட்மின்கள் தலையில் கட்டினால் அவர்களுக்கு வேறு வேலையே ஓடாது. அதனால் இந்த வேலைகளை ஒர்க்ஃப்ளோவாக எழுதி, ஓட்டும் அனுமதியை எச்.ஆர். பிரிவுக்கும் ஹெல்ப் டெஸ்க்குக்கும் கொடுப்பது நல்ல முடிவுதான். கொடுக்காமல் இருந்தால் இன்னும் மோசம். அவசரத்துக்கு யாராவது அட்மின் பாஸ்வேர்டையே போனில் சொல்லிவிடுவார்கள்.

கோளாறு கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டைரக்டரியோடு வரும் டெலிகேஷன் விசார்ட். குறிப்பிட்ட ஓயூவில் (டைரக்டரிக்குள் அக்கவுண்டுகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் போன்ற பகுதி) குறிப்பிட்ட உரிமையை ஒரு குரூப்புக்கு நேரடியாக எழுதிவைப்பது. ஊழியர் தன் சொந்த அக்கவுண்டின் பெயரிலேயே வேலை செய்வார். இன்னொன்று, அடாக்ஸஸ், நம்மூர் ஜோஹோவின் ஏடிமேனேஜர் பிளஸ் போன்ற மென்பொருள், அல்லது நீங்களே எழுதிய பவர்ஷெல் ஸ்கிரிப்ட். இதில் ஊழியருக்கு டைரக்டரியில் தனி உரிமை எதுவும் தேவையில்லை. அவர் பொத்தானை அழுத்துவார், பின்னால் இருக்கும் சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது மனிதருக்கு அல்லாமல் மென்பொருளுக்கென்று திறந்த அக்கவுண்ட், வேலையைச் செய்யும்.

இரண்டாவது வழி பாதுகாப்பானதாகத் தெரியும். ஊழியரின் அக்கவுண்ட் திருடுபோனாலும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லையே என்று தோன்றும். ஆனால் அவர் எதுவரை போகலாம் என்பதை இப்போது டைரக்டரி பார்த்துக்கொள்வதில்லை. அந்த ஒர்க்ஃப்ளோ எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் பாதுகாப்பு. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

ஓட்டும் உரிமையோடு திருத்தும் உரிமையும் போய்விடுவது

ஒர்க்ஃப்ளோவை ஓட்டுவது வேறு, அதை மாற்றி எழுதுவது வேறு. சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் நடைமுறையில் இரண்டும் சேர்ந்தே கைமாறுகின்றன. ஹெல்ப் டெஸ்க் தலைவர், "நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறோம், இரவு பத்து மணிக்கு ஓடுவதை ஒன்பதாக்க வேண்டும்" என்று கேட்பார். நேரத்தை மட்டும் மாற்றும் உரிமை என்று தனியாக ஒன்று கண்ணில் படாது. சரி, எடிட் உரிமையையே கொடுத்துவிடலாம் என்று முடிவாகும். அந்த எடிட் உரிமையில் ஸ்கிரிப்ட்டின் வரிகளை மாற்றும் உரிமையும் அடக்கம். ஸ்கிரிப்ட் டொமைன் அட்மின் (டைரக்டரி முழுவதையும் ஆளும் அதிகாரம் உள்ளவர்) அக்கவுண்டில் ஓடினால், ஒரே ஒரு வரி சேர்த்துத் தன்னை டொமைன் அட்மின்ஸ் குரூப்பில் போட்டுக்கொள்ளலாம். காகிதத்தில் அவர் அட்மின் இல்லை, உண்மையில் அட்மின்தான்.

மென்பொருள் இல்லாமல் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஓட்டுபவர்களிடம் இது இன்னும் மறைவாக இருக்கும். டாஸ்க்கைத் தொட யாருக்கும் உரிமை இருக்காது, அதை நன்றாகப் பூட்டியிருப்பார்கள். ஆனால் டாஸ்க் கூப்பிடும் ஸ்கிரிப்ட் கோப்பு ஒரு ஷேர் ஃபோல்டரில் கிடக்கும், அந்த ஃபோல்டரில் ஐடி பிரிவு முழுவதற்கும் எழுதும் உரிமை இருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது டாஸ்க்கோடு முடிவதில்லை. ஸ்கிரிப்ட் கோப்பு, அது இறக்கிக்கொள்ளும் மாட்யூல்கள், அது படிக்கும் சிஎஸ்வி, அது ஓடும் சர்வர், அந்த சர்வருக்குப் பொருந்தும் குரூப் பாலிசி (டைரக்டரியிலிருந்து கணினிகளுக்குப் போகும் அமைப்புகள்), இவ்வளவிலும் யார் கை வைக்க முடியும் என்று பார்க்க வேண்டும். அந்த சர்வரின் லோக்கல் அட்மின் யாராக இருந்தாலும் அவர் அந்த சர்வீஸ் அக்கவுண்டைக் கைப்பற்ற முடியும். டைரக்டரியே ஓடும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை எப்படிக் காப்பாற்றுகிறீர்களோ, அதே கவனம் இந்த சர்வருக்கும் வேண்டும்.

மேகத்திலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட்டின் மேக டைரக்டரியான என்ட்ரா ஐடியில் ஒரு ஆப்புக்கு ஊழியர் ஒருவரை உரிமையாளராகப் போட்டால், அவர் அந்த ஆப்புக்குப் புதிய சீக்ரெட் (ஆப் உள்ளே நுழையப் பயன்படுத்தும் பாஸ்வேர்டு) உருவாக்கிக்கொள்ள முடியும். எல்லா யூசர்களையும் மாற்றும் அனுமதி அந்த ஆப்புக்கு இருந்தால், அந்த அனுமதி இப்போது அவர் கையிலும் இருக்கிறது.

சர்வீஸ் அக்கவுண்டை டொமைன் அட்மினாக வைப்பது

இன்ஸ்டால் செய்யும் நாளில் ஏதாவது அனுமதிப் பிழை வரும். உடனே அக்கவுண்டை டொமைன் அட்மின்ஸில் போட்டால் பிழை போய்விடும். அப்புறம் யாரும் அதை எடுப்பதில்லை. இதனால் வரும் இழப்பு என்ன என்று தெரிந்தால் யாரும் இப்படி விடமாட்டார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆக்டிவ் டைரக்டரியில் அட்மின்எஸ்டிஹோல்டர் என்று ஒரு காவல் ஏற்பாடு உண்டு. டொமைன் அட்மின்ஸ் போன்ற முக்கிய குரூப்புகளில் இருக்கும் அக்கவுண்டுகளின் அனுமதிப் பட்டியலை, பிடிசி எமுலேட்டர் என்ற தனிப் பொறுப்பில் இருக்கும் டொமைன் கன்ட்ரோலர் 60 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, மாறியிருந்தால் பழையபடி ஆக்கிவிடும். மேலே உள்ள ஓயூவிலிருந்து இறங்கிவரும் அனுமதிகளையும் துண்டித்துவிடும். இதனால் ஹெல்ப் டெஸ்க்குக்கு நீங்கள் தவறுதலாக டொமைன் முழுவதற்கும் பாஸ்வேர்டு ரீசெட் உரிமை கொடுத்திருந்தாலும், அவர்களால் டொமைன் அட்மினின் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. டைரக்டரியே தடுத்துவிடும்.

இப்போது அதே ரீசெட் வேலையை டொமைன் அட்மின் அக்கவுண்டில் ஓடும் ஒர்க்ஃப்ளோவாகக் கொடுங்கள். ஹெல்ப் டெஸ்க் ஊழியர் பெட்டியில் ஒரு டொமைன் அட்மினின் பெயரை அடித்துப் பொத்தானை அழுத்துகிறார். கேட்பது டொமைன் அட்மின் என்பதால் டைரக்டரி மறுக்காது. பாஸ்வேர்டு மாறிவிடும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த பாதுகாப்பை நாமே சுற்றிக்கொண்டு போய்விட்டோம்.

தீர்வு கடினமானதில்லை. சர்வீஸ் அக்கவுண்டை எல்லா அட்மின் குரூப்பிலிருந்தும் எடுத்துவிட்டு, டெலிகேஷன் விசார்ட் மூலம் ஊழியர்கள் இருக்கும் ஓயூவில் மட்டும் அதற்கு உரிமை கொடுங்கள். பாஸ்வேர்டு உதவிக்குத் தேவைப்படுவது மூன்றே விஷயம்: பாஸ்வேர்டை ரீசெட் செய்யும் உரிமை, அடுத்த முறை உள்ளே வரும்போது மாற்றச் சொல்வதற்கு பிடபிள்யூடிலாஸ்ட்செட் புலத்தில் எழுதும் உரிமை, லாக்கை எடுப்பதற்கு லாக்அவுட்டைம் புலத்தில் எழுதும் உரிமை. அவ்வளவுதான். இப்போது ஒர்க்ஃப்ளோவில் ஓட்டை இருந்தாலும் டைரக்டரி கைகொடுக்கும். அக்கவுண்ட் ஆப்பரேட்டர்ஸ் குரூப்பில் போட்டால் இதெல்லாம் வந்துவிடுமே என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். அந்த குரூப்பில் இருப்பவர்கள் டொமைன் கன்ட்ரோலரிலேயே நேரடியாக லாகின் செய்யலாம். அதைக் காலியாக வைக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே அறிவுறுத்துகிறது.

இதே இடத்தில் ஒரு சிறு குழப்பமும் வரும். முன்பு அட்மினாக இருந்து பிறகு சாதாரண ஊழியரானவரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்ய முடியவில்லை என்று புகார் வந்தால், சர்வீஸ் அக்கவுண்டின் அதிகாரத்தைக் கூட்டாதீர்கள். குரூப்பிலிருந்து எடுத்தாலும் அவருடைய அட்மின்கவுண்ட் (காவலுக்கு உட்பட்ட அக்கவுண்ட் என்று குறிக்கும் புலம்) மதிப்பு 1 ஆகவே நிற்கும், மேலிருந்து வரும் அனுமதியும் துண்டாகவே இருக்கும். அந்த ஒரு அக்கவுண்டைச் சரிசெய்தால் போதும்.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதிவைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். குரூப் பாலிசி பிரிஃபரன்ஸில் பாஸ்வேர்டு வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2014 மே மாதம் ஒரு பேட்ச் போட்டு எடுக்க வேண்டிவந்தது. அதைத் திறக்கும் சாவி ஆவணங்களிலேயே வெளியாகியிருந்தது, கோப்போ டொமைனில் யாரும் படிக்கக்கூடிய இடத்தில் இருந்தது. விண்டோஸ் சர்வர் 2012 முதல் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டை டைரக்டரியே வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும், மனிதர் யாரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மென்பொருள் ஏற்றுக்கொண்டால் அதையே பயன்படுத்துங்கள்.

உள்ளே வருவதை அப்படியே நம்புவது

1988இல் நார்ம் ஹார்டி என்ற கணினி அறிஞர் ஒரு சம்பவத்தை எழுதினார். டைம்ஷேர் நிறுவனத்தின் கணினியில் ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர் இருந்தது. பயன்பாட்டுக் கணக்கைப் பதிவதற்காக, தன் ஃபோல்டரில் எழுதும் உரிமை அதற்கு இருந்தது. பில்லிங் கோப்பும் அதே ஃபோல்டரில் இருந்தது. ஒரு பயனர், பிழைதிருத்தத் தகவலை எழுத வேண்டிய கோப்பு என்று அந்த பில்லிங் கோப்பின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அந்தக் கோப்பில் எழுத உரிமை இல்லை, கம்பைலருக்கு இருந்தது. கம்பைலர் எழுதியது, பில்லிங் தகவல் அழிந்தது.

நம் ஒர்க்ஃப்ளோவும் அந்தக் கம்பைலர் மாதிரிதான். யாருக்காக வேலை செய்கிறோம் என்று பார்க்காமல் தன் அதிகாரத்தை வைத்துச் செய்துவிடும். எனவே படிவத்தில் குரூப் பெயரைக் கையால் அடிக்கும் பெட்டி இருந்தால் எடுத்துவிட்டு, அனுமதித்த குரூப்புகளின் பட்டியலைக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள குரூப் வேறொரு பெரிய குரூப்புக்குள் அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். 'பேக்கப் குழு' என்று அப்பாவியாகத் தெரிவது இரண்டு படி மேலே போய் டொமைன் அட்மின்ஸில் முடியலாம். படிவத்தில் சரிபார்ப்பது போதாது, ஸ்கிரிப்ட்டும் சரிபார்க்க வேண்டும். பவர்ஷெல் ஜீஏ (தேர்ந்தெடுத்த கட்டளைகளை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் வசதி) பயன்படுத்தினால் ரோல் கோப்பிலேயே ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன மதிப்பு வரலாம் என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் ஜீஏவை டொமைன் கன்ட்ரோலரில் வைத்தால் அது தற்காலிகமாக உருவாக்கிக்கொள்ளும் விர்ச்சுவல் அக்கவுண்ட் இயல்பாகவே டொமைன் அட்மினாக ஓடும், அங்கே பட்டியல் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தரும் வடிவம் வேறொன்று, ஏனென்றால் அதில் யாரும் யாருக்கும் அனுமதி கொடுத்ததாகவே தெரியாது. ஒரு தானியங்கி விதி இருக்கிறது: ஊழியரின் துறை மாறினால் அந்தத் துறையின் குரூப்புகளில் சேர்த்துவிடு. எச்.ஆர். கிளர்க்குக்குத் துறை, பதவி, போன் எண் புலங்களைத் திருத்தும் உரிமை உண்டு, அது அவர் வேலை. அவர் ஒரு அக்கவுண்டைத் திறந்து துறையை 'விற்பனை' என்பதிலிருந்து 'ஐடி சர்வர்' என்று மாற்றிச் சேமிக்கிறார். விதி ஓடுகிறது. சற்று நேரத்தில் அந்த அக்கவுண்ட் சர்வர் அட்மின் குரூப்பில் இருக்கிறது. அனுமதிப் பட்டியலைத் தணிக்கை செய்தால் கிளர்க்குக்கு குரூப் உரிமை எதுவும் இல்லை என்றே வரும். அதனால் எந்தப் புலத்தை வைத்து விதி முடிவெடுக்கிறதோ, அந்தப் புலத்தில் எழுதும் உரிமையை குரூப் உரிமைக்குச் சமமாகக் கணக்கில் வையுங்கள். அதிகாரம் கூடும் குரூப்புகளைத் தானியங்கி விதியில் சேர்க்கவே வேண்டாம், அங்கே ஒரு மனிதரின் ஒப்புதல் இருக்கட்டும்.

ஒப்புதல் என்றதும் ஒன்று. ஒப்புதல் தருபவரை மேனேஜர் புலத்திலிருந்து எடுக்கும்படி அமைத்திருந்தால், கோரிக்கை போடுபவருக்கு அதே புலத்தைத் திருத்தும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். தன்னையே மேனேஜராகப் போட்டுத் தானே ஒப்புதல் கொடுக்க முடிந்தால் அந்தப் படிக்கு அர்த்தமில்லை.

எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காதது

'இத்தனை நாள் வராதவர்களின் அக்கவுண்டை முடக்கு' என்ற ஒர்க்ஃப்ளோ எல்லா ஊரிலும் உண்டு. இதற்கு லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் புலத்தைப் பயன்படுத்துவார்கள். அது ஒவ்வொரு லாகினுக்கும் மாறுவதில்லை. இயல்பான அமைப்பில் பழைய மதிப்புக்கு 9 முதல் 14 நாள் வரை வயதான பிறகே புதுப்பிக்கப்படும். ஹெல்ப் டெஸ்க்கில் ஒருவர் நாள் எண்ணிக்கையை 10 என்று அடித்தால், தினமும் வேலைக்கு வருபவர்களும் மாட்டுவார்கள். திங்கள்கிழமை சேரப்போகும் ஊழியரின் அக்கவுண்டில் அந்தப் புலம் காலியாக இருக்கும், அதையும் 'வராதவர்' என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்டுகள் உண்டு.

எனவே அந்த எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு வையுங்கள். ஒரே ஓட்டத்தில் இத்தனை அக்கவுண்டுக்கு மேல் வந்தால் நின்றுவிட்டு அட்மினைக் கேட்கட்டும். அட்மின் அல்லாதவர் ஓட்டும் எதிலும் டெலீட் வேண்டாம், டிசேபிள் போதும். டைரக்டரியின் ரீசைக்கிள் பின் வசதி விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் இருந்தாலும் அதை நாம்தான் இயக்கிவைக்க வேண்டும். இன்னும் செய்யாவிட்டால் இன்றே செய்துவிடுங்கள்.

யார் செய்தது என்று தெரியாமல் போவது

டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் பாஸ்வேர்டு ரீசெட் 4724 என்றும், குளோபல் குரூப்பில் ஆள் சேர்ப்பது 4728 என்றும் பதிவாகும். ஆனால் செய்தவர் என்ற இடத்தில் எப்போதும் சர்வீஸ் அக்கவுண்டின் பெயரே இருக்கும். பொத்தானை அழுத்தியவர் யார் என்பது மென்பொருளின் சொந்த லாகில் மட்டும் இருக்கும். அதை வேறொரு சர்வருக்கு அனுப்பி, டொமைன் கன்ட்ரோலர் லாக் இருக்கும் காலம்வரை வைத்திருங்கள். நேரம், இலக்கு அக்கவுண்ட் இரண்டையும் வைத்து இரு பக்கமும் ஒப்பிட முடிய வேண்டும். கன்ட்ரோலரில் சர்வீஸ் அக்கவுண்ட் பெயரில் பதிவு இருந்து மென்பொருளில் ஜோடிப் பதிவு இல்லையென்றால், யாரோ அந்த அக்கவுண்டை வெளியே பயன்படுத்துகிறார்கள். உடனே கவனிக்க வேண்டிய அறிகுறி அது.

அனுமதிகளை ஆள் பெயரில் கொடுக்காமல் குரூப் பெயரில் கொடுங்கள். கொடுப்பதற்கு விசார்ட் உண்டு, திரும்ப எடுப்பதற்கு விசார்ட் கிடையாது. ஒவ்வொன்றாகத் தேடித்தான் நீக்க வேண்டும். விலகிப்போனவரின் அக்கவுண்டை அழித்த பிறகும் பட்டியல்களில் எஸ்-1-5-21 என்று தொடங்கும், பெயரிழந்த அக்கவுண்ட் அடையாள எண்கள் கிடப்பது இதனால்தான்.

கடைசியாக, சோதனை. பெரும்பாலானவர்கள் அட்மின் அக்கவுண்டில் உட்கார்ந்து ஒர்க்ஃப்ளோ ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஹெல்ப் டெஸ்க் குரூப்பில் ஒரு சோதனை அக்கவுண்டை வைத்து, அதில் நுழைந்து, நடக்கக் கூடாதவற்றை முயன்று பாருங்கள்: சோதனைக்கென்று உருவாக்கிய ஒரு டொமைன் அட்மினின் பாஸ்வேர்டை ரீசெட் செய்வது, பட்டியலில் இல்லாத குரூப்பில் தன்னைச் சேர்ப்பது, தன் கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் தருவது, ஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து சேமிப்பது. நான்கும் தோற்க வேண்டும், தோற்றது லாகிலும் தெரிய வேண்டும். மென்பொருளை அப்கிரேட் செய்யும்போதும், புதிய ஒர்க்ஃப்ளோ சேர்க்கும்போதும் இதையே திரும்பச் செய்யுங்கள்.