“உங்கட ரேட் எவ்வளவு?” – பிரீலான்ஸ்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்தோ லண்டனிலிருந்தோ, நிறுவனங்களுக்கு ஆள் தேடிக்கொடுக்கும் ரிக்ரூட்டர் ஒருவர் அழைக்கிறார். பெயரும் அனுபவமும் கேட்டு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, “உங்கட ரேட் எவ்வளவு?” என்ற கேள்வி வந்துவிடும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீட்டிலிருந்தபடியே மென்பொருள், வடிவமைப்பு, கணக்கு வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். பதற்றத்தில் வாயில் வந்த எண், ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்த ஒப்பந்தம் முடியும்வரை கூடவே வரும்.

வேலை இன்னதென்று தெரியுமுன் விலை சொல்வதுதான் முதல் தவறு. அம்பாறையில் நெல் விற்கிறவர் யாரும், “மூட்டை என்ன விலை?” என்று கேட்டவுடன் எண்ணைச் சொல்லிவிடமாட்டார். வயலடியிலேயே ஏற்றுகிறீர்களா, மில்லில் கொண்டுவந்து இறக்க வேண்டுமா, கைக்காசா, தவணையா என்று விசாரிப்பார். ஒவ்வொன்றும் விலையை மாற்றும் என்று அவருக்குத் தெரியும். ஒப்பந்த வேலையிலும் அதே விசாரணை வேண்டும்: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை மாதம், எந்த நாட்டு நேரத்தில் வேலை, காசு தருவது நிறுவனமா ஏஜென்சியா, எந்த நாணயத்தில், எத்தனை நாளில். இவற்றைக் கேட்டுவிட்டு, “இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?” என்று நீங்களே கேளுங்கள். பல ரிக்ரூட்டர்களின் கையில் ஓர் உச்சவரம்பு இருக்கும். ஏஜென்சி என்றால், வாடிக்கையாளரிடம் அது வாங்கும் தொகைக்கும் உங்களுக்குத் தரும் தொகைக்கும் இடையிலான வித்தியாசமே அதன் வருமானம். அதனால் நீங்கள் குறைத்துச் சொன்னதை அவர்கள் கூட்டித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

வேலை நேரத்தைச் சாதாரண விஷயமாக விட்டுவிடுபவர்கள் உண்டு. நியூயோர்க்கின் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது, அங்கே கோடைகாலமென்றால், இங்கே மாலை 6.30 முதல் விடியற்காலை 2.30 வரை. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். லண்டன் நேரமானால் கோடையில் பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை. இந்த இரண்டுக்கும் ஒரே ரேட் சொல்பவர் தன் இரவுத் தூக்கத்தை இலவசமாகக் கொடுக்கிறார்.

அடுத்தது கணக்கில் விடும் பிழை. எல்லாவற்றிலும் கூடுதலான நட்டத்தைத் தருவது இதுதான். மாதம் 2 லட்சம் ரூபா சம்பளம் வாங்கியவர், அதை 160 மணித்தியாலத்தால் வகுத்து, மணித்தியாலத்துக்கு 1,250 ரூபா என்று முடிவு கட்டுகிறார். சம்பளத்துக்கு மேலே நிறுவனம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்டியதை மறந்துவிடுகிறார். அவற்றைச் சேர்த்தால் மாதம் 2,30,000, வருடம் 27,60,000. மூன்று வருடம் உழைக்கும் 3,60,000 ரூபா லெப்டொப்பின் ஒரு வருடப் பங்கு 1,20,000. இரண்டு இணைய இணைப்புக்கும் சேர்த்து மாதம் 10,000 வீதம் 1,20,000. மின்கலம், திருத்தவேலைக்கு 60,000. எல்லாமாக 30,60,000.

இதை எத்தனை மணித்தியாலத்தால் வகுப்பது? 52 கிழமை, கிழமைக்கு 40 என்றால் 2,080 வரும். அத்தனைக்கும் காசு வராது. போயா முதலான விடுமுறைகள், காய்ச்சல் நாட்கள், ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சும்மா இருக்கும் கிழமைகள், மாரிமழையில் மின்சாரமும் இணையமும் போய்க் கிடக்கும் நாட்கள், இன்வொய்ஸ் (காசு கேட்டு அனுப்பும் பட்டியல்) எழுதவும் நேர்முகம் கொடுக்கவும் போகும் நேரம் எல்லாம் கழிய, 1,300 மணித்தியாலம் மிஞ்சினால் நல்லது. 30,60,000ஐ 1,300ஆல் வகுத்தால் 2,354 ரூபா. முதலில் சொன்ன 1,250இன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இணையத் தளம் வழியாக வரும் வேலையென்றால் அதன் கட்டணமும் உண்டு. 10 சதவீதம் என்று வைத்தால் 2,354உடன் 10 சதவீதத்தைக் கூட்டாதீர்கள், 0.9ஆல் வகுங்கள். கூட்டினால் 2,589 வரும். தளம் தன் பங்கை எடுத்தபின் கையில் 2,330தான். வருடத்தில் ஏறத்தாழ 30,000 ரூபா துண்டு விழும். வகுத்தால் 2,616 வரும். டொலருக்கு 300 ரூபா என்று பார்த்தால் 8.70 டொலருக்குச் சற்று மேல். இது கேட்கும் விலையல்ல, இதற்குக் கீழே இறங்கக்கூடாத அடிவிலை. கேட்பது இதற்கு மேலேதான் தொடங்க வேண்டும்.

“10லிருந்து 15 டொலர் வரை” என்று இரண்டு எண் சொல்வதையும் விடுங்கள். கேட்பவர் காதில் 10 மட்டும்தான் விழும். ஒரே எண்ணை, எதற்கு என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்: “கிழமைக்கு 40 மணித்தியாலம், லண்டன் நேரம், ஆறு மாதம் என்றால் 15 டொலர்.” சொன்னபின் பேசாமல் இருங்கள். மறுமுனை இரண்டு நொடி அமைதியானதும் “கொஞ்சம் குறைக்கலாம்” என்று தாமாகவே இறங்குகிறவர்கள் நிறையப் பேர். குறைக்கத்தான் வேண்டுமென்றால் பதிலுக்கு ஒன்றை வாங்குங்கள்: கூடிய மாதங்கள், விரைவான கொடுப்பனவு, அல்லது குறைந்த வேலை.

“இப்ப எவ்வளவு எடுக்கிறீங்க?” என்பது வேறு கேள்வி. அதற்குப் பொய் சொல்ல வேண்டாம். பழைய இன்வொய்ஸைக் கேட்டால் நம்பிக்கை அத்தோடு போய்விடும். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதைக் கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் சட்டமே தடுக்கிறது. இங்கிருந்து ஒப்பந்தம் எடுப்பவர் அந்தச் சட்டத்தை நம்பி இருக்க முடியாது. ஆனாலும், “அது வேறு வகை வேலை. இந்த வேலைக்கு என் ரேட் இது” என்று மரியாதையாக நகர்த்துவதில் குற்றமில்லை.

“மட்டக்களப்பில செலவு குறைவுதானே” என்று சிலர் சொல்வார்கள். உடனே வீட்டுச் செலவைப் பட்டியல் போட்டு விளக்கத் தொடங்குவது தவறு. அதற்குள் நுழைந்தால் உங்கள் வாழ்க்கைச் செலவுதான் பேரம் பேசப்படும். “நீங்கள் பெறும் வேலை கொழும்பிலிருந்து வந்தாலும் இங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்” என்று சொல்லி, வேலைக்கே பேச்சைத் திருப்புங்கள்.

ரேட் சரியாக அமைந்தாலும் காசு வரும் வழியில் நட்டப்படலாம். மாதக் கடைசியில் இன்வொய்ஸ் கொடுத்து 30 நாளில் பணம் என்றால், மார்ச் 1ஆம் திகதி தொடங்கிய வேலையின் முதல் காசு ஏப்ரல் கடைசியில்தான் வரும். இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும், அல்லது இரண்டு கிழமைக்கொரு இன்வொய்ஸ் கேட்க வேண்டும். வங்கிகள் நாடுவிட்டு நாடு பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் முறை மூலம் அனுப்பினால் இடைவங்கிகள் கட்டணம் கழிக்கக்கூடும். கட்டணம் அனுப்புகிறவருடையது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வரியையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வங்கி வழியாக வரும் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கும் 2025 ஏப்ரல் முதல் வரி உண்டு: வருடத்துக்கு 18 லட்சம் ரூபா விலக்கு, அதற்கு மேல் உச்சம் 15 சதவீதம்.

ஒரே நிறுவனத்தின் வேலைக்கு இரண்டு ஏஜென்சிகள் அழைக்கும்போது இரண்டு பேருக்கும் “சரி, அனுப்புங்கோ” என்பது பெரிய ஆபத்து. ஒரே ஆளின் விபரம் இரண்டு விலையில் போய்ச் சேர்ந்தால், தகராறு எதற்கு என்று இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். யாருக்கு, எந்த நிறுவனத்துக்கு, எந்தத் திகதியில், என்ன ரேட்டில் அனுமதி கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அழைப்பு முடிந்த அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: மணித்தியாலத்துக்கு எவ்வளவு, எந்த நாணயம், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த நேரம், இன்வொய்ஸ் எப்போது, பணம் எத்தனை நாளில், ரேட்டை மீண்டும் பேசும் மாதம் எது. “பிறகு கூட்டித் தருவோம்” என்று தொலைபேசியில் சொன்னவர், ஆறு மாதம் கழித்து அதே வேலையில் இருக்கமாட்டார். அந்த மின்னஞ்சல் இருக்கும்.